யாழ்ப்பாணத்தில் கடைசி நாள்: பொதி கட்டுவது முதல் கட்டுநாயக்க வரை

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து திரும்புவோர் முதலில் திகதியைப் பாருங்கள். பயணச்சீட்டில் 15ஆம் திகதி அதிகாலை 2.55 என்று இருந்தால், நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட வேண்டிய நாள் 14. வளைகுடா வழியாகப் போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டியே ஏறுகின்றன. இந்தத் திகதிக் குழப்பத்தால் ஒரு நாள் பிந்திப் போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விசாவுக்கும் இதே கணக்குத்தான். 30 நாள் விசா 14ஆம் திகதியுடன் முடிந்து, குடிவரவு மேசையை நள்ளிரவுக்குப் பிறகு கடந்தால், விசா முடிந்தும் தங்கியவராகி விடுவீர்கள். பயணச்சீட்டுப் போடும்போதே இதைப் பாருங்கள்.

வான் வண்டியில் கட்டுநாயக்க விமான நிலையம் போக 7 முதல் 8 மணித்தியாலம் பிடிக்கும். வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று போனால் கொழும்புக்குள் நுழையவே தேவையில்லை. மதியம் 12 மணிக்கு வெளிக்கிடுங்கள். அனுராதபுரம்–புத்தளம் பாதையில் இருட்டிய பிறகு யானை குறுக்கிடும். மதியம் வெளிக்கிட்டால் வெளிச்சத்திலேயே அதைத் தாண்டிவிடலாம். மிஞ்சும் நேரத்துக்கு நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துக் குளித்துப் படுக்கலாம். பிள்ளைகளோடு போவோருக்கு அந்தக் காசு வீண்போகாது. முதல்நாள் இரவு முழுக்க ஓடிய சாரதியையே உங்களுக்கும் அனுப்புகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இரவு பஸ், காலை பத்து மணிக்குப் பிந்திய விமானங்களுக்குத்தான் சரிவரும். கட்டுநாயக்கப் பக்கமாகப் போகும் புத்தளம் வழியா, குருநாகல் வழியா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கொழும்பில் போய் இறங்கினால் சூட்கேஸோடு திரும்பி வரவேண்டியிருக்கும்.

பொதி கட்டும் வேலையைக் கடைசி நாளுக்கு வைக்கவே வேண்டாம். மிளகாய்த்தூள்தான் அதிகம் பழுதாவது. வறுத்து மில்லில் திரித்த தூள் சூடாகவே வீட்டுக்கு வரும். அதை அப்படியே பையில் போட்டு ஒட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டியாகும்; திரும்பிப் போய்த் திறந்தால் பூஞ்சணம். இரண்டு நாள் முந்தியே திரித்து, துணியில் பரப்பி, கை வைத்துப் பார்த்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். பிறகு தடித்த பொலித்தீனில் இரண்டு அடுக்காகப் போட்டு ஒட்டுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், சூட்கேஸில்தான் போகவேண்டும். ஒடியலும் புழுக்கொடியலும் (காயவைத்த பனங்கிழங்கு) முனையால் பையைக் குத்திக் கிழிக்கும், அதனால் மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பாவில் அடுக்குங்கள். பனங்கட்டி ஈரத்தை இழுத்து இளகும். அதன் பனையோலைக் குட்டானோடு சேர்த்துக் காற்றுப் புகாமல் சுற்றி, உடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

எதைக் கொண்டுபோகலாம் என்பது இறங்கும் நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இறைச்சியும் பாலில் செய்ததும் கொண்டுபோக முடியாது. நெய்ப் போத்தலும் இதில் அடங்கும். கருவாடு சொந்தப் பாவனைக்கு ஆளுக்கு 20 கிலோ வரை போகலாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையை விட்டுவிடுங்கள். அது எலுமிச்சைக் குடும்பத்து மரம். தோடை, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதன் இலையில் தங்கும். அவுஸ்திரேலியா போவோர் உணவுப் பொருள் எல்லாவற்றையும் படிவத்தில் காட்டவேண்டும், மறைத்தால் தண்டப்பணம்.

அம்மம்மாவின் குத்துவிளக்கு, வீட்டிலிருந்த ஏட்டுச்சுவடி போன்றவற்றைக் கடைசி நேரத்தில் சூட்கேஸில் செருகாதீர்கள். 50 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. ஊருக்கு வந்த முதல் வாரமே தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிக்கு முயலவேண்டும்.

ஒவ்வொரு சூட்கேஸிலும் 2 கிலோ இடம் விட்டு மூடுங்கள். வெளிக்கிடும் நேரத்தில் மாமி பலகாரத்தோடு வருவார். அதை வாங்காமல் போக யாருக்கும் மனம் வராது, போகவும் கூடாது. ஆனால் “அங்கை என்ர மோனிட்டைக் குடுத்துவிடுங்கோ” என்று அயலவர் ஒட்டித் தரும் பொதியை அவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்து, நீங்களே கட்டுங்கள். பிரிக்கச் சம்மதிக்காவிட்டால் வாங்கவேண்டாம்: பிடிபட்டால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான். கைத்தராசில் கடைசியாக ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். பவர் பாங்க், மருந்து, நகை எல்லாம் கைப்பையில்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை வழியாகப் போவோருக்கு நீண்ட வீதிப் பயணம் மிச்சம். ஆனால் சிறிய விமானம் என்பதால் பொதி அளவு குறைவாக இருக்கலாம். இரண்டு பயணச்சீட்டின் அளவையும் ஒப்பிட்டுக் குறைந்ததற்கே கட்டுங்கள். கொப்பரைத் தேங்காய் வேண்டாம், அதைத் தீப்பற்றும் பொருளாகக் கணக்கெடுக்கிறார்கள்.

மாரிகாலத்தில் வந்து போவோருக்கு இன்னொன்று. திரும்பிப் போய் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டெங்காக இருக்கலாம். இலங்கை போய்வந்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். அதுவரை பரசிற்றமோல் மட்டும் போடுங்கள். அஸ்பிரினும் இபுபுரூஃபனும் இரத்தக்கசிவைக் கூட்டும்.