வழிகாட்டி டைவ்: கேமரா படகிலேயே இருக்கட்டும்

சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் நீருக்கடியில் சில மீட்டருக்கு மேல் கண் தெரியாத நாள்கள் அதிகம். ஸ்கூபா டைவிங்கிற்குப் புதியவர்களை அனுபவசாலிகளோடு ஜோடி சேர்த்து இறக்கினோம். மூத்தவர் ஓடில்லாத கடல் நத்தையைப் படம் எடுக்கக் குனிவார். அதற்குள் புதியவரைக் காணோம். ஒரு நிமிடம் தேடிவிட்டு இருவரும் மேலே வர வேண்டியதுதான். டைவ் அப்படி முடிந்தால் மறுபடி வர யாருக்கு மனம் வரும்?

இப்போது வழிகாட்டியாக வரும் மூத்தவருக்குக் கேமரா கிடையாது. புதியவரின் டைவிங் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரை அனுமதித்தாலும் சரி, 12 மீட்டரோடு நிறுத்துகிறோம். வேகத்தைப் புதியவர் தீர்மானிப்பார். மூத்தவர் கை எட்டும் தூரத்தில் பக்கத்திலேயே வருவார். பதற்றத்தில் காற்று சீக்கிரம் குறையும் என்பதால், புதியவரின் சிலிண்டரில் காற்றழுத்தம் 100 பாருக்கு வந்ததும் இருவரும் திரும்பிவிடுவார்கள். அப்புறம், வழிகாட்டி பயிற்சியாளர் அல்ல. நீருக்குள் புதுப் பாடம் எதுவும் நடத்தக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.