மனச்சோர்வோடு தைராய்டும் இருந்தது

காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு எழும்பவே உடம்பு கனத்தது. அழுகை, மறதி, எதிலும் பிடிப்பில்லை. லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காத்துக் கருப்பு என்று கயிறும் கட்டினார்கள். கட்டினதில் கெடுதல் இல்லை, குணமும் இல்லை.

ஹட்டனில் பார்த்த டாக்டர் மனசைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. குளிர் தாங்குகிறதா, மலச்சிக்கல் உண்டா, முடி கொட்டுகிறதா, மாதவிடாய் அதிகமா என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். குளிரா? நம் பக்கம் யாருக்குத்தான் குளிராது! ஆனால் மற்றவர்கள் சும்மா இருக்கும்போதும் நான் மட்டும் கம்பளிக்குள்தான். இரத்தத்தில் தைராய்டு சுரப்பைக் காட்டும் டீஎஸ்எச், இரத்தசோகையைக் காட்டும் ஹீமோகுளோபின் இரண்டும் பார்க்கச் சொன்னார். தைராய்டு சுரப்பு குறைவு, இரத்தசோகையும் கூட.

தைராய்டுக்கான தைரொக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். தேத்தண்ணி அரை மணி நேரமாவது கழித்துத்தான். எழும்பினதும் சாயத்தண்ணி இல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய தண்டனை. இரும்புச்சத்து மாத்திரைக்குத் தைரொக்சினிலிருந்து 4 மணி நேர இடைவெளி வேண்டும். அதையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது, சத்து உடம்பில் ஒட்டாது. 6 வாரத்துக்கு மேல் ஆனதும் மறுபடி இரத்தம் பார்த்து தைரொக்சின் அளவைக் கூட்டினார்கள்.

அசதி மெல்லக் குறைந்தது. மனபாரம் முழுசாகப் போகவில்லை. தைராய்டு இருந்தால் மனச்சோர்வு இருக்காது என்றில்லையே. அதற்குத் தனியாக மனநல கிளினிக் போகிறேன். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் இரத்த ரிப்போட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 1926க்கு அழையுங்கள், இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது.