பினாங்குத் தொழிற்சாலைக்கு ரோபோ: கொட்டேஷன்களை எப்படி ஒப்பிடுவது

பாயான் லெப்பாசிலோ பிறையிலோ ஒரு லைனுக்கு ரோபோ எடுக்கப் போகிறீர்களா? பிராண்டைப் பேசுவதற்கு முன் எடையைக் கணக்குப் போடுங்கள். பொருள் 1.5 கிலோ, கிரிப்பர் (பொருளைப் பிடிக்கும் கை) 1.2, பிராக்கெட் 0.4, வால்வும் கேபிளும் 0.3. மொத்தம் 3.4 கிலோ. பொருளை மட்டும் பார்த்து 3 கிலோ தூக்கும் ரோபோவுக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். சுமை ஃபிளேஞ்சிலிருந்து (கிரிப்பரை மாட்டும் ரோபோ முனை) எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் முக்கியம். கிரிப்பர் நீளமாக இருந்தால் 5 கிலோ ரோபோவும் அந்த 5 கிலோவைத் தூக்காது. டேட்டாஷீட்டில் உள்ள லோட் டயகிராமைப் பாருங்கள். அதை மீறினால் ஓவர்லோட் அலாரம் வரும், மணிக்கட்டு கியரும் சீக்கிரம் தேயும்.

துல்லியத்தையும் பாருங்கள். யுனிவர்சல் ரோபோட்ஸின் யூஆர்5இ ரோபோவுக்கு ±0.03 மி.மீ. என்று போட்டிருக்கும். சொல்லிக்கொடுத்த அதே புள்ளிக்குத் திரும்பி வருவதற்கான அளவு அது. கேமரா காட்டும் புதிய புள்ளிக்குப் போவது வேறு கதை. கேலிப்ரேஷன் சரியில்லை என்றால் அரை மில்லிமீட்டருக்கு மேலேயே விலகலாம்.

ஸ்காரா (கிடைமட்டமாக வேகமாக நகரும் ரோபோ வகை) விளம்பரங்களில் வரும் சைக்கிள் டைமை, அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை, அப்படியே நம்ப வேண்டாம். 25 மி.மீ. மேலே, 300 பக்கவாட்டில், 25 கீழே, அதே வழியில் திரும்பி வருவது: பெரும்பாலும் இந்தப் பாதையில் எடுத்த நேரம்தான் அது. கிரிப்பர் மூடுவதும் வேக்குவம் ஏறுவதும் அதில் சேராது. உங்கள் லேஅவுட் ஒன்றையே எல்லா சப்ளையருக்கும் கொடுத்து, சிமுலேஷனில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபனக்குக்கு ரோபோகைட், ஏபிபிக்கு ரோபோட்ஸ்டூடியோ, யஸ்காவாவுக்கு மோட்டோசிம் இருக்கிறது. காட்டத் தயங்குகிற சப்ளையரை அங்கேயே கழித்துவிடலாம்.

புரோகிராம் மொழியும் ஆளுக்கொன்று: ஏபிபிக்கு ராப்பிட், கூகாவுக்கு கேஆர்எல், யஸ்காவாவுக்கு இன்ஃபார்ம். ஒன்றில் எழுதியது இன்னொன்றில் ஓடாது. உங்கள் டெக்னீஷியன்களுக்கு ஃபனக் பழக்கம் என்றால், சற்று மலிவான வேறு பிராண்ட் பயிற்சியிலும் ஸ்பேர் பார்ட்ஸிலும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

கோபாட் (ஆளுக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும் ரோபோ) என்றால் வேலி வேண்டாம் என்பது பாதி உண்மைதான். பிடிக்கும் பொருள் கூர்மையாக இருந்தால் எப்படியும் தடுப்பு வேண்டும். ஆள் பக்கத்தில் நிற்கும்போது வேகத்தையும் குறைத்தாக வேண்டும், உங்கள் சைக்கிள் டைம் அங்கே போய்விடும்.

கொட்டேஷனில் சத்தமில்லாமல் விடுபடுபவை சில உண்டு. ரோபோவை பிஎல்சியோடு (லைனை இயக்கும் கன்ட்ரோலர்) பேசவைக்கும் ப்ரோஃபிநெட் போன்ற இணைப்பு பல சமயம் தனி விலை. இங்கே த்ரீ பேஸ் 400 வோல்ட், ஜப்பானியச் சிறிய கன்ட்ரோலர்கள் பலவும் 200 வோல்ட் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மர் யார் கணக்கில் என்று எழுதி வாங்குங்கள். ராத்திரி ஷிப்டில் நின்றுபோனால் சர்வீஸ் ஆள் பினாங்கிலிருந்து வருவாரா, ஷா ஆலமிலிருந்தா, சர்வோ டிரைவ் எந்த ஊர் ஸ்டோரில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

என்கோடர் (அச்சுகளின் நிலையை அளக்கும் கருவி) பேட்டரி மாற்றும் முறையையும் ஒப்படைக்கும் நாளிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். ஃபனக்கில் கன்ட்ரோலர் பவர் ஆனில் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். அணைத்துவிட்டுக் கழற்றினால் அச்சுகளின் நிலை அழிந்து, மறுபடி மாஸ்டரிங் (அந்த நிலையைத் திரும்பப் பதிவது) செய்யும்வரை லைன் நிற்கும்.