வெளிநாட்டிலிருந்து வரும் நரம்பியல் ஆய்வுக்கட்டுரையை வன்னியில் வாசிப்பது எப்படி

வீட்டில் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் அல்லது மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நோயுள்ள ஒருவர் இருந்தால், கனடாவிலோ இலண்டனிலோ வாழும் உறவினர் யாராவது ஒரு வைத்திய ஆய்வாளரின் கட்டுரையைத் தொலைபேசிக்கு அனுப்பிவைப்பது இப்போது வன்னியில் வழக்கமாகிவிட்டது. "இந்த டொக்டர் இதில் பெரிய ஆள், கிளினிக்கில் காட்டுங்கோ" என்ற குறிப்பும் கூடவே வரும். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ நரம்பியல் நிபுணரைப் பார்த்துத் திரும்ப ஒரு நாள் போய்விடும். அங்கே பேசக் கிடைப்பதோ சில நிமிடங்கள். அந்த நிமிடங்களுக்குள் கேட்கத்தக்க ஒரு நல்ல கேள்வியாகக் கட்டுரையைச் சுருக்கிக்கொள்வதுதான் இந்த வாசிப்பின் நோக்கமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலம் ஓரளவு தெரிந்த ஆசிரியரோ உயர்தரம் படிக்கும் பிள்ளையோ பக்கத்தில் இருந்தால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது, கட்டுரை உடலின் எந்த இடத்தைப் பற்றியது என்பதை. ஒரே ஆய்வாளர் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் பற்றியும் நரம்புத்தசை நோய்கள் பற்றியும் எழுதியிருக்கலாம். ஆனால் இவை வேறு வேறு நோய்கள். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸில் மூளை, முண்ணாண், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே தாக்குகிறது. நரம்புத்தசை நோய்கள் அதற்கு வெளியே நிகழ்பவை: கியான் பாரே நோயில் புற நரம்புகளும், மயஸ்தீனியாவில் நரம்பு தசையைச் சந்திக்கும் இடமும், டுஷேன் நோயில் தசையும் பாதிக்கப்படுகின்றன. அந்தச் சந்திப்பு கெட்டால் என்ன நடக்கும் என்பதை வன்னி மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரவில் நிலத்தில் படுத்திருந்தவரை எண்ணெய் விரியன் கடித்து, இமை சரிந்து, மூச்சு அடங்கத் தொடங்குவதை இங்கே பலர் கண்டிருக்கிறார்கள்; அந்த நஞ்சு வேலைசெய்வதும் அதே சந்திப்பில்தான். எண்ணெய் விரியனின் இனத்தைச் சேர்ந்த தாய்வான் பாம்பொன்றின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த பங்காரோடொக்சினைக் கொண்டுதான், மயஸ்தீனியா நோயாளரின் தசைகளில், நரம்பின் செய்தியைத் தசை பெற்றுக்கொள்ளும் அசற்றைல்கோலின் ஏற்பிகள் குறைந்திருப்பதை டானியல் டிராக்மனும் அவருடைய சகாக்களும் 1973இல் காட்டினார்கள்.

இடத்தைச் சரியாக அறிவது மருந்தோடு நேரடியாகத் தொடர்புள்ள விடயம். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் போலவே பார்வையையும் முண்ணாணையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஒப்டிகா என்றொரு நோய் உண்டு. அதற்குரிய அக்குவாபோரின்-4 பிறபொருளெதிரி (அன்டிபொடி) 2004ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது; இரத்தத்தில் அதைப் பரிசோதிக்கலாம். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரோன் பீட்டா, நட்டலிசுமாப், ஃபிங்கோலிமோட் ஆகியவை இந்த நோயை மோசமாக்கக்கூடும். ஆகவே கண்பார்வை திடீரென்று மங்கியவருக்காகக் கட்டுரை வாசிப்பவர்கள், அந்த இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்பதைக் கிளினிக் கொப்பியில் முதலில் தேடிப் பார்க்கட்டும்.

அடுத்து, அந்த ஆய்வாளரின் மற்றக் கட்டுரைகளைத் தேடுங்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளத்தில் பெயரை இட்டால் கட்டுரைகளின் சுருக்கங்களை இலவசமாகவே வாசிக்கலாம். ஒரே பெயரில் பலர் இருப்பதால், பணியாற்றும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாக வழங்கப்படும் ஓர்கிட் (ORCID) இலக்கம் இருந்தால் அதையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். கட்டுரைகளை ஆண்டு வரிசையில், பழையதிலிருந்து வாசிப்பதே நல்லது. ஓர் எண்ணம் எங்கே தொடங்கியது, எவ்வளவு தூரம் மனிதரில் சோதிக்கப்பட்டது என்பது அப்போதுதான் தெரியும்.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் ஹவுசரின் பணியை எடுத்துக்கொள்வோம். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸை நிர்ப்பீடனத் தொகுதியின் டி கலங்களின் நோயாகவே பெரும்பாலோர் கருதிய காலத்தில், மார்மொசெட் என்னும் சிறு குரங்குகளில் பிறபொருளெதிரிகளும் மயலினைச் சிதைக்கின்றன என்று 1995இல் அவருடைய குழு எழுதியது. அந்தக் கட்டுரை மட்டும் கைக்குக் கிடைத்திருந்தால், அது குரங்கு ஆய்வு, நோயாளிக்கு இன்னும் ஒன்றுமில்லை என்று எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். 2008இல், பிறபொருளெதிரிகளை உருவாக்கும் வரிசையைச் சேர்ந்த பி கலங்களை அகற்றும் ரிடுக்சிமாப் மருந்து 104 நோயாளரில் சோதிக்கப்பட்டது; 24 வாரங்களில் நோய் மீண்டும் தாக்கியவர்கள், ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்து பெற்றோரில் 34.3 சதவீதமாகவும் ரிடுக்சிமாப் பெற்றோரில் 14.5 சதவீதமாகவும் இருந்தார்கள். நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் ஆட்கள் குறைவு, காலமும் குறைவு. 2017இல்தான், அதேபோல் பி கலங்களை அகற்றும் ஒக்ரெலிசுமாப் மருந்தை இன்டர்ஃபெரோனுடன் ஒப்பிட்ட, மொத்தம் 1656 பேர் பங்கெடுத்த இரு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. அவற்றில் ஆண்டுக்குச் சராசரித் தாக்குதல் 0.29இலிருந்து 0.16ஆகக் குறைந்தது, அதாவது நூறு பேருக்கு ஓராண்டில் 29 தாக்குதல்கள் நிகழும் இடத்தில் 16 நிகழ்ந்தன. விலங்கு, சிறு குழு, பெருங்குழு என்ற இந்தப் படிகளில் உங்கள் கையிலுள்ள கட்டுரை எதில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இலக்கங்களில் நின்று நிதானிக்க வேண்டும். அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில், தொடக்கத்திலிருந்தே படிப்படியாக முற்றும் வகையைச் சேர்ந்த 732 நோயாளருக்கு ஒக்ரெலிசுமாப் அல்லது வெற்று மருந்து வழங்கப்பட்டது. இயலாமை முற்றும் அபாயம் 24 சதவீதம் குறைந்தது என்பது அதன் முடிவு. உறவினர் அனுப்பும் செய்தியில் இந்த 24 மட்டுமே இருக்கும். உள்ளே வாசித்தால், இயலாமை முற்றியவர்கள் வெற்று மருந்துக் குழுவில் 39.3 சதவீதம், மருந்துக் குழுவில் 32.9 சதவீதம், ஏறத்தாழ நூறு பேரில் ஆறு பேருக்கு வேறுபாடு. இது சிறிய பயனல்ல, அதுவரை மருந்தே இல்லாதிருந்த நோய் இது. ஆனால் நிலத்தை ஈடுவைத்து மருந்து வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு இரண்டு இலக்கங்களும் தெரிந்திருக்க வேண்டும்.

யாரைச் சேர்த்தார்கள் என்பதையும் பாருங்கள். அந்த ஆய்வில் 18 முதல் 55 வயதுக்குட்பட்டவர்களே இருந்தார்கள். குர்ட்ஸ்கியின் இயலாமை அளவுகோலில் அவர்களுடைய நிலை 3.0க்கும் 6.5க்கும் இடைப்பட்டது. அந்த அளவுகோல் 0 முதல் 10 வரை செல்லும். 6 என்றால் நூறு மீற்றர் நடக்க ஒரு பக்கம் ஊன்றுகோல் வேண்டும், 7 என்றால் சக்கர நாற்காலி. சக்கர நாற்காலியிலேயே இருக்கும் அறுபது வயது அம்மாவுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

பக்கவிளைவுப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒக்ரெலிசுமாப் தொடங்குமுன் ஹெப்பற்றைற்றிஸ் பி பரிசோதனை கட்டாயம். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்பதும் கட்டுரையின் இறுதியில் இருக்கும். மருந்துக் கம்பனி கொடுத்தது என்பதால் முடிவு பொய்யாகிவிடாது, ஆயினும் கூடுதல் கவனத்துடன் வாசிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் வாசித்தபின் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் மூன்று வரிகள் எழுதுங்கள்: முதல் வரியில் கட்டுரையின் தலைப்பும் ஆண்டும்; இரண்டாவதில் நோயாளியின் நோய் வகை, வயது, எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பது; மூன்றாவதில் கேள்வி. "இந்த மருந்தைத் தாருங்கள்" என்று எழுதுவதைவிட, "அம்மாவுக்கு இருப்பது இந்தக் கட்டுரையில் சொல்லும் வகைதானா, அக்குவாபோரின் பரிசோதனை செய்ய வேண்டுமா, ரிடுக்சிமாப் எங்கள் வைத்தியசாலையில் கிடைக்குமா" என்று எழுதினால் வைத்தியர் உடனே பதில் சொல்ல முடியும். மயஸ்தீனியா உள்ளவராயின் கொப்பியின் முன்பக்கத்திலேயே நோயின் பெயரைப் பெரிதாக எழுதிவையுங்கள்; காய்ச்சலுக்கு அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போகும்போது ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளொக்சசின் போன்ற மருந்துகள் தசைப் பலவீனத்தைக் கூட்டக்கூடும் என்பதை அங்குள்ளவர் அதைப் பார்த்தே நினைவுகொள்வார். பதில் கிடைக்கும்வரை, பிரெட்னிசொலோன் உட்பட, இப்போது எடுக்கும் எந்த மருந்தையும் எந்தக் கட்டுரையை வாசித்தும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.