கைக்குழந்தையுடன் ஓட்டலில் சாப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடித் தள்ளுபடி தொடங்கியதும், சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிப்பைகளும் கைக்குழந்தையுமாக ஓட்டலுக்குள் நுழையும் இளம் தாய்மார்கள், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளைச் செய்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மாற்றுத்துணி மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

வெளியே போனால் மட்டும் புட்டிப்பால்

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று தெரிந்த வீட்டிலும், "நாலு பேர் எதிர்ல எப்படிம்மா கொடுப்பே?" என்று மாமியார் கேட்டுவிட்டால், பால் பவுடர் டப்பா பையில் ஏறிவிடுகிறது. சென்ற ஆடியில் பக்கத்து மேசைப் பெண், சர்வர் கொண்டுவந்த, விரல் வைத்தாலும் சுடாத வெந்நீரில் பவுடரைக் கொட்டிக் குலுக்கினார். பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருளன்று. குறைந்தது 70 டிகிரி சூடுள்ள நீரில் கரைத்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை ரப்பர் காம்பைத் துப்பித் துப்பி வீறிட்டது. சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் சுடிதார் இருபுறமும் நனைய, துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, வந்த தோசையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வேளை தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் குழந்தை உறிஞ்சி மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும் என்பதால், இது வழக்கமானால் பால் கட்டிக்கொண்டு வலியும் காய்ச்சலும் வரக்கூடும், சுரப்பும் குறையும். அப்போது "இவளுக்குப் பால் பத்தலை" என்று குறை சொல்பவர்களும் அதே வீட்டார்தான். பிழிந்தெடுத்த பாலோ 25 டிகிரிக்கு மேற்படாத அறையில்தான் 4 மணி நேரம் தாங்கும், எம்.சி. ரோட்டு வெயிலில் ஐஸ் இல்லாமல் அது ஆகாது. சுவரோர மேசையும், ஜிப் வைத்த சுடிதாரும், குழந்தைக்குக் காற்றுப் போகும் மெல்லிய பருத்தித் துப்பட்டாவும் இருந்தால், எதிரில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் பால் கொடுத்துவிடலாம். தெரிந்தால்தான் என்ன?

அழும்வரை காத்திருத்தல்

கையை வாய்க்குக் கொண்டுபோவதும் தலையைத் திருப்பித் தேடுவதுமே பசியின் முதல் அறிகுறிகள். அழுகை கடைசியில் வருவது. ஆர்டர் சொன்ன கையோடு பால் கொடுத்துவிடுங்கள்.

கழிவறையில் பாலூட்டுதல்

மேலாளரே சொன்னாலும் கூடாது.

பாலூட்டும் அறையை நம்பிப் புறப்படுதல்

2015 முதல் தமிழக அரசு அவற்றைத் திறந்தது பேருந்து நிலையங்களில், ஓட்டல்களில் அல்ல.

நடைவழி ஓரத்தில் உட்காருதல்

மடியில் குழந்தை, அதன் தலைக்கு மேலே கொதிக்கும் சாம்பார் வாளி. காபி டபராவையும் குழந்தையின் கைக்கு எட்டாமல் தள்ளி வையுங்கள்.

மேசையிலேயே டயப்பர் மாற்றுதல்

குழந்தை இட்லியைப் பிசைந்து இறைப்பது இயல்பு. பெரிய துண்டுகளைப் பொறுக்கி இலையில் போட்டால் மேசை துடைக்க வருபவர் முகம் சுளிக்கமாட்டார். டயப்பர் விஷயத்தில் மட்டும், பக்கத்து மேசைக்காரர் சண்டைக்கு வந்தால், நான் அவர் பக்கம்தான்.