பொழுதுபோக்கு மென்பொருளுக்கு நியாயமாக மதிப்பெண் இடும் முறை

தேரூர் குளக்கரையில் விடியற்காலையில் பறவை பார்ப்பவர்கள், ஆலயப் பாடகர் குழுவுக்கு வீட்டிலேயே பாடல் பதிவு செய்பவர்கள், முட்டத்தில் எடுத்த படங்களை இரவில் கணினியில் திருத்துபவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் நாகர்கோவிலில் எங்கள் நண்பர் வட்டத்தில் இருக்கிறோம். ஒருவர் பயன்படுத்திப் பார்த்த மென்பொருளுக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு ஒரு பொது நோட்டில் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். விண்மீன்களைக் காட்டும் ஒரு செயலிக்கு ஒரு நண்பர் 5 கொடுத்தார். இன்னொருவர் 2 கொடுத்தார். இருவருமே பொய் சொல்லாதவர்கள். விசாரித்தபோது, முதலாமவர் வீட்டில் அமர்ந்து அதன் படங்களின் அழகைப் பார்த்திருக்கிறார் என்றும், இரண்டாமவர் அதைச் சொத்தவிளைக் கடற்கரைக்குக் கொண்டு சென்றிருக்கிறார் என்றும் தெரிந்தது. கண் இருளுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். திரையின் வெள்ளை வெளிச்சம் அந்தப் பழக்கத்தை ஒரு நொடியில் கெடுத்துவிடும். திரையைச் சிவப்பாக்கினால் அந்தக் கெடுதல் குறையும்; அந்த வசதி அந்தச் செயலியில் இல்லை. இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை எழுதியிருந்தார்கள். நோட்டிலோ இரண்டும் ஒரே கட்டத்தில் எண்களாக நின்றன.

எண்ணின் பொருளை முன்கூட்டியே எழுதி வைக்காமல் இடப்படும் மதிப்பெண் நியாயமாக இருக்க முடியாது என்பதை நான் அன்று உணர்ந்தேன். நம் மாவட்டத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட்டைத் தரம் பிரிப்பவர்கள் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குமிழி, பூஞ்சை, தூசி, புகை மிகுந்த கறை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே ஆர்.எஸ்.எஸ். (புகையூட்டி உலர்த்திய ரப்பர் ஷீட்டின் தரக் குறியீடு) 3 அல்லது 4 என்று சொல்கிறார்கள். கண்ணை நம்பிச் செய்யும் வேலையானாலும் அந்த எண் குலசேகரத்திலும் கோட்டயத்திலும் ஒரே பொருளைத் தருகிறது. எந்தத் தரத்தில் எந்தக் குறை எவ்வளவு இருக்கலாம் என்பது எழுத்தில் இருப்பதும், ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி ஷீட்டுகள் இருப்பதுமே அதற்குக் காரணம்.

ஆகவே முதல் வேலை, எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வாக்கியம் எழுதுவது. அந்த வாக்கியம் ‘நன்று’, ‘மிக நன்று’ என்று பாராட்டாக இல்லாமல், நடந்த ஒன்றைச் சொல்வதாக இருக்க வேண்டும். எங்கள் நோட்டில் இப்போது 5 என்றால், ஒரு மாதம் பயன்படுத்திய பின்னும் அந்த வேலைக்கு வேறொன்றைத் தேடத் தோன்றவில்லை என்று பொருள். 4 என்றால் சிறு குறைகள் உண்டு, ஆனால் வேலை தடைப்படவில்லை. 3 என்றால் வேலை முடிகிறது, ஆனால் சுற்றுவழியில் முடிகிறது. 2 என்றால் பாதியில் கைவிட்டோம். 1 என்றால் செய்த வேலை அழிந்தது அல்லது தொடங்கவே முடியவில்லை. பத்துக்கு மதிப்பெண் இடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஆறுக்கும் ஏழுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வாக்கியத்தில் எழுதிக் காட்டுமாறு கேட்டேன். எங்களில் யாராலும் இயலவில்லை. எழுத முடியாத வேறுபாட்டை எண்ணில் வைப்பதில் பயனில்லை. பெரிய நிறுவனங்கள் சில எதிர்த்திசையில் சென்றன; யூடியூப் 2010-இலும் நெட்ஃபிளிக்ஸ் 2017-இலும் நட்சத்திர மதிப்பெண்களைக் கைவிட்டு, பிடித்தது, பிடிக்கவில்லை என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டன. கோடிக்கணக்கானவர்கள் வாக்களிக்கும் இடத்தில் அது பொருந்தலாம்; பத்துப் பேர் உள்ள வட்டத்தில் அது நிறைய செய்தியை இழக்கச் செய்யும் என்பது என் கருத்து.

அடுத்து, ஒரே எண்ணைக் கேட்காமல் கேள்விகளைப் பிரிக்க வேண்டும். எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் 1920-இல் வெளியிட்ட ஆய்வில், இராணுவ மேலதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றைத் தனித்தனியாக மதிப்பிட்டபோதும், ஒன்றில் கொண்ட எண்ணம் மற்றவற்றிலும் படிந்திருந்ததைக் காட்டினார். அழகான முகப்பைக் கண்டு மயங்கிய நம் கையும் அதையே செய்கிறது. இதற்கு விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது: எல்லாத் தாள்களிலும் முதல் கேள்வியைத் திருத்தி முடித்த பிறகே இரண்டாம் கேள்விக்குச் செல்வது. நான்கு ஒலிப்பதிவு மென்பொருள்களை மதிப்பிடுகிறோம் என்றால், நான்குக்கும் ‘எளிதில் கற்க முடிகிறதா’ என்பதை முடித்துவிட்டு, அதன் பிறகு நான்குக்கும் அடுத்த கேள்வியை எடுக்க வேண்டும்.

எந்தெந்தக் கேள்விகள் என்பது பொழுதுபோக்கைப் பொறுத்தது. ஆனால் மூன்றை எந்தப் பட்டியலிலும் விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

முதலாவது, இணையம் இல்லாத இடத்தில் அது வேலை செய்கிறதா என்பது. பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பகுதிக்குச் செல்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரண்டாவது தமிழ். பட்டியலில் ‘தமிழ் உண்டு’ என்று போட்டிருப்பதை நம்பாமல், ‘கொக்கு’, ‘கௌதாரி’ போன்ற சொற்களை உள்ளிட்டுப் பார்க்க வேண்டும். மெய்யின் இருபுறமும் குறி வரும் இவ்வெழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருளில், ஒற்றைக் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் அல்லது புள்ளியிட்ட வட்டம் தோன்றும். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்துச் சேமித்துவிட்டு, அதைத் தேடி எடுக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவது, நாம் சேர்த்து வைத்ததை வெளியே எடுக்கும் வழி. பொழுதுபோக்காகச் சேர்க்கும் குறிப்புகளை எந்த அலுவலகமும் நமக்காகப் பாதுகாப்பதில்லை. பத்தாண்டுகளாகத் தேரூரிலும் மணக்குடியிலும் பார்த்த பறவைகளின் பட்டியல் ஒரு செயலிக்குள் சிக்கி, அந்தச் செயலி நின்றுபோனால், அந்தப் பத்து ஆண்டுகள் திரும்பக் கிடைக்கமாட்டா. எங்கள் நண்பர் ஒருவருக்கு இது நேர்ந்தது. அதன் பிறகே, எளிய அட்டவணைக் கோப்பாக வெளியே எடுக்க முடியாத மென்பொருளின் மொத்த மதிப்பெண், மற்றவை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், 2-ஐத் தாண்டக்கூடாது என்று விதி வைத்தோம். சராசரி இத்தகைய குறைகளை மூடிமறைக்கும் என்பதால் இப்படி ஒரு தடைக்கோடு தேவைப்படுகிறது.

பயன்படுத்தியதில் கிடைத்த மகிழ்ச்சியையும் எழுதலாம். எழுதத்தான் வேண்டும், ஏனெனில் இது யாரும் கட்டாயப்படுத்தாமல் நாமே விரும்பிச் செய்யும் வேலை. ஆனால் அதைத் தனிக் கட்டத்தில் வைத்து, கூட்டலில் சேர்க்காமல் விடுவது நல்லது.

சோதிக்கும் முறை எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே பாடல், ஒரே படம், ஒரே வேலை. குறைந்தது இரண்டு வாரம்; 5 இடுவதென்றால் ஒரு மாதம். சாதனம், மென்பொருளின் பதிப்பு எண், தேதி ஆகிய மூன்றும் இல்லாத மதிப்பெண்ணை நாங்கள் ஏற்பதில்லை. இரண்டு பேராவது ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதி, அதன் பிறகே பேச வேண்டும். வயதில் மூத்தவர் முதலில் கருத்தைச் சொல்லிவிட்டால் இளையவர்கள் மரியாதை கருதித் தங்கள் எண்ணை மாற்றிக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இரண்டு எண்களுக்கிடையே 2 அல்லது அதற்கு மேல் வேறுபாடு வந்தால் காரணத்தைக் கேட்டு எழுத வேண்டும். இருவரையும் ஒரே எண்ணுக்கு இழுக்க வேண்டிய அவசியமில்லை.

இனி கூட்டல். ஒருவர் மட்டும் 5 கொடுத்த மென்பொருள், ஒன்பது பேர் சேர்ந்து 40 கொடுத்ததற்கு மேலே நின்றால் அது அநியாயம்; ஆனால் வெறும் சராசரி அப்படித்தான் நிறுத்தும், ஏனெனில் இரண்டாவதன் சராசரி 4.44. இதற்கு ஒரு எளிய வழி, ஒவ்வொரு மென்பொருளுக்கும் நான்கு கற்பனை வாக்குகளை நம் நோட்டின் பொதுச் சராசரியிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிடுவது. பொதுச் சராசரி 3.5 என்று கொண்டால் அந்த நான்கு வாக்குகளின் கூட்டுத்தொகை 14. முதல் மென்பொருளுக்கு 5-உம் 14-உம் சேர்ந்து 19. ஐந்தால் வகுத்தால் 3.8. இரண்டாவதற்கு 40-உம் 14-உம் சேர்ந்து 54; பதின்மூன்றால் வகுத்தால் 4.15. வாக்குகள் பெருகப் பெருக அந்த நான்கின் செல்வாக்கு தானாகக் குறைந்துவிடும். பிடித்தது, பிடிக்கவில்லை என்ற முறையைப் பின்பற்றுபவர்கள், எட்வின் வில்சன் என்ற அறிஞர் 1927-இல் தந்த கணக்கீட்டின் கீழ் எல்லையை, அதாவது கிடைத்த வாக்குகளை வைத்து விருப்பம் குறைந்தது இவ்வளவாவது இருக்கும் என்று சொல்லும் எண்ணை, பயன்படுத்தலாம். அதன்படி 95 விழுக்காடு நம்பகத்தில், நான்கு பேரில் நால்வரும் விரும்பியது 51 விழுக்காட்டிலும், நூறு பேரில் தொண்ணூறு பேர் விரும்பியது ஏறத்தாழ 83 விழுக்காட்டிலும் நிற்கும்.

பழைய மதிப்பெண் புதிய பதிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. கூகுள் பிளே 2019-இல் அண்மைய மதிப்பெண்களுக்குக் கூடுதல் எடை கொடுக்கத் தொடங்கியது இதனால்தான். நாங்கள் இரண்டு ஆண்டு கடந்தவற்றை அழிக்காமல், ஆண்டைக் குறித்து, கூட்டலிலிருந்து மட்டும் விலக்குகிறோம்.

மதிப்பிடுபவருக்கும் மென்பொருளை உருவாக்கியவருக்கும் உள்ள உறவை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். இலவசமாகப் பிரதி பெற்றவர், உருவாக்கியவரின் உறவினர், அவரிடம் படித்தவர் ஆகியோர் கருத்து எழுதலாம், எண் இடக்கூடாது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடை 2016-இல், தன்னிடம் வாங்காமல் வெளியிலிருந்து பெற்ற குறியீட்டைக் கொண்டு விளையாடியவர்களின் கருத்துகளை மொத்த மதிப்பெண் கணக்கிலிருந்து விலக்கியது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய நுகர்வோர் கருத்துகளுக்கென்று 2022-இல் வெளியிட்ட ஐ.எஸ். 19000 என்ற தரநிலையும் நேர்மை, துல்லியம், வெளிப்படைத்தன்மை ஆகியவற்றைத் தன் கொள்கைகளாக வைத்திருக்கிறது. இதில் எனக்கு மிகக் கடினமாக இருப்பது, நம் ஊர்ப் பிள்ளைகளும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களும் உருவாக்கிய மென்பொருள்கள்தாம். அவர்களின் உழைப்பை மதிக்கிறேன். அதை மதிப்புரையில் மனமாரச் சொல்ல வேண்டும். எண்ணில் இரக்கம் காட்டினால், அதை நம்பித் தன் பதிவுகளை அதில் சேர்த்து வைப்பவருக்குத் தீங்கு செய்தவர்களாவோம். உருவாக்கியவருக்கு நம் குறிப்பை முன்னதாகக் காட்டி, உண்மைப் பிழை இருந்தால் திருத்தலாம்.

இந்த முறையைத் தொடங்குபவர்கள், எல்லாருக்கும் நன்கு பழகிய மூன்று மென்பொருள்களை முதலில் கூடி அமர்ந்து மதிப்பிட்டு, அவற்றை மாதிரி ஷீட்டுகளாக நோட்டின் முதல் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அப்படிச் செய்த பிறகு அந்த விண்மீன் செயலியை மீண்டும் எடுத்தோம். பழைய இரு நண்பர்களும் தனித்தனியே எழுதினார்கள். படங்களின் தெளிவுக்கு இருவரும் 5 கொடுத்திருந்தார்கள். இருளில் பயன்படுத்துவதற்கு இருவரும் 2 கொடுத்திருந்தார்கள்.