பிள்ளையுடன் யாழ்ப்பாணக் கரையோரப் பயணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கிருந்து புறப்பட்டாலும் கடல் அருகிலேயே இருப்பதால், ஒரே நாளில் எல்லாக் கரைகளையும் பார்த்துவிடலாம் என்று புலம்பெயர்ந்த பெற்றோர் பலர் திட்டமிடுகின்றனர். அப்படிப் போனால் பிள்ளை நாள் முழுவதும் வாகனத்துக்குள்ளேயே இருக்க நேரும். ஒரு நாளுக்கு ஒரு திசை, அந்தத் திசையில் இரண்டே இடங்கள் என்று வகுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வரும் பிள்ளைக்கும் தனியாக மின்னணுப் பயண அனுமதி பெறவேண்டும். தாயோ தந்தையோ தனித்து அழைத்து வருவதானால், மற்றவரின் சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது. வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் வாகனம் ஓட்ட முடியாது; ஆகவே வீதிகளை அறிந்த சாரதியுடன் வானை வாடகைக்கு அமர்த்துவதே என் பரிந்துரை. அவற்றில் சிறுவர் இருக்கை கிடைப்பது அரிது என்பதால் அதை நீங்களே கொண்டு வாருங்கள்.

வடமேற்குத் திசையில் முதலில் கீரிமலை. கடலுக்கு ஒட்டினாற்போல நன்னீர் ஊறும் கேணியில் குளித்துக்கொண்டே, சுவருக்கு அப்பால் அலையடிப்பதைப் பார்ப்பது எந்த வயதுப் பிள்ளைக்கும் வியப்பைத் தரும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் இருப்பதால், மகளுடன் வரும் தந்தையும் மகனுடன் வரும் தாயும் துணைக்கு ஓர் உறவினரை அழைத்துச் செல்லவேண்டும். உங்கள் குடும்பத்தார் ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்தது இங்கேயாயின், அதைப் பிள்ளைக்குச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கிருந்து பொன்னாலைப் பாலம் வழியாகக் காரைநகர் கசூரினா கடற்கரைக்குச் செல்லலாம். அங்கே கடல் வெகுதூரம் ஆழமின்றிக் கிடப்பதால் சிறுவர்கள் விளையாட ஏற்றது. எனினும் கண்ணை எடுக்காமல் அருகில் நில்லுங்கள். நடுப்பகல் வெயிலைத் தவிர்த்து மாலை நான்கு மணிக்குப் பின் இறங்குவதே சுகம்.

தீவுகளுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் வீதியின் இரு புறமும் பரவைக்கடல் விரியும். இடுப்பளவு நீரில் நின்று மீன்பிடிப்போரையும், நட்ட தடிகளில் கட்டிய வலைகளையும், நீர்ப்பறவைகளையும் பார்க்க வானை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். வேலணையில் சாட்டிக் கடற்கரையைப் பார்த்துவிட்டுப் புங்குடுதீவைக் கடந்தால் குறிகட்டுவான் இறங்குதுறை வரும். சிறு பிள்ளைகளுக்கு நயினாதீவுப் படகே போதும். சற்று வளர்ந்தவர்களை நெடுந்தீவுக்கு அழைத்துச் செல்லலாம். முருகைக்கல் வேலிகளும், கட்டாக்காலிக் குதிரைகளும், பெரிய பெருக்கமரமும் (பாவோபாப்) அங்கே உண்டு. சோளகக் காற்று எனப்படும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் கடல் கொந்தளிக்கும் என்பதால், காலையில் இறங்குதுறையில் விசாரித்த பின்பே ஏறுங்கள். உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைக்கு அணிவித்து, திரும்பும் படகின் நேரத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தீவில் வங்கி அட்டைகளை நம்பாமல் ரூபாய்த் தாள்களாக வைத்திருப்பது அவசியம்.

குடாநாட்டின் வடகிழக்கே வடமராட்சியில் தொண்டைமானாற்றிலிருந்து வல்வெட்டித்துறை ஊடாகப் பருத்தித்துறை வரை கடலோரமாகவே செல்லலாம். அதன்பின் மணற்காட்டு மணல்மேடுகளில் பிள்ளையை ஓடி விளையாட விடுங்கள். மணலில் புதைந்து கிடக்கும் பழைய தேவாலயத்தின் சுவர்களும் அங்கே உள்ளன. வடக்கில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறாத இடங்கள் இருப்பதால், மண்டையோட்டுக் குறியிட்ட பலகைகளைக் கண்டால் ஓரடியும் உள்ளே வைக்கக்கூடாது என்பதைப் பிள்ளைக்குப் படம் காட்டியே விளக்குங்கள். இராணுவ முகாம்களைப் படமெடுக்க வேண்டாம்.

பருவம் மிக முக்கியம். ஐப்பசி முதல் மார்கழி வரை வடக்கிலும் கிழக்கிலும் மழைக்காலம். சித்திரை தொடங்கி ஆவணி வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் என்பதால், கோடை விடுமுறையில் வருவோர் வவுனியா ஊடாகத் திருகோணமலைக்கும் சென்று, கோணேசரைத் தரிசித்து, நிலாவெளியில் நீராடலாம். அது நீண்ட வீதிப் பயணம். விடியற்காலையில் புறப்பட்டு, அங்கே குறைந்தது இரண்டு இரவுகள் தங்குங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாண நகரில் தங்குமிடம் கிடைப்பது கடினமாதலால், அறைகளைப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.